எடுப்பதற்கு முன் பார்த்தல்

இந்திய மொழிகள் ஒளிப்படத்துக்குப் பயன்படுத்தும் வினைச்சொற்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். தமிழில் படம் ‘எடுக்கிறார்கள்’ அல்லது ‘பிடிக்கிறார்கள்’. மலையாளத்திலும் எடுத்தல்தான். தெலுங்கின் ‘தீயடம்’, கன்னடத்தின் ‘தெகெயுவுது’ இரண்டுக்கும் எடுத்தல், வெளியே எடுத்தல் என்ற பொருள் உண்டு. வங்காளத்தில் படத்தைத் ‘தோலா’, அதாவது தூக்குகிறார்கள். இந்தியில் ‘கீஞ்ச்னா’, அதாவது இழுக்கிறார்கள். ஒரு வினைச்சொல்லைக் கொண்டு ஒரு சமூகத்தின் சிந்தனையை அளந்துவிட முடியாது என்பது மொழியியலின் பாலபாடம். ஆயினும் ஓரிடத்தில் உள்ளதை அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவரும் செயலுக்குரிய சொற்களே இத்தனை மொழிகளிலும் இதற்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது.

இதற்கு முந்தைய வேலைக்குத் தமிழ்த் திரையுலகம் வைத்திருக்கும் பெயர் வேறு வகையானது. படப்பிடிப்புக்கு முன்னர் இடம் தேடிச் செல்வதை அங்கே ‘லொகேஷன் பார்ப்பது’ என்கிறார்கள். பார்ப்பது ஒரு நாள், எடுப்பது வேறொரு நாள். தொழிலாகச் செய்பவர்கள் பிரித்து வைத்திருக்கும் இவ்விரண்டு செயல்களும் பல்கலைக்கழகக் கள ஆய்வில் ஒன்றாகிவிட்டன. பேருந்திலிருந்து இறங்கிய கணத்திலேயே கைப்பேசி உயர்கிறது. எங்கே நிற்பது, எதைச் சட்டகத்துக்குள் கொள்வது, எதை வெளியே விடுவது, யாரிடம் கேட்பது என்னும் முடிவுகள் எல்லாம் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாத அந்த முதல் நிமிடத்தில் எடுக்கப்படுகின்றன. பின்னர் அந்தப் படங்கள் ஆய்வேட்டில் ‘தரவு’ என்னும் பெயரோடு இடம்பெறுகின்றன.

கேமரா இல்லாமல் இடம் பார்ப்பதும், கேமரா இல்லாமல் சட்டகம் அமைத்துப் பார்ப்பதும் பொழுதுபோக்கு ஒளிப்படக்காரர்களின் நுணுக்கமாக மட்டும் கருதப்படுகின்றன. கள ஆய்வு செய்யும் ஒவ்வொரு துறையும் அவற்றை முறையியலின் பகுதியாகக் கற்பிக்க வேண்டும்.

முதலில் கருவி. ஓர் அட்டை, ஒரு கத்தி, ஒரு நூல் போதும். முழுச்சட்டக டிஜிட்டல் கேமராவின் உணரி 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடையது. அதைப்போல இரண்டரை மடங்கு, அதாவது 9 செ.மீ.க்கு 6 செ.மீ. அளவில், அட்டையில் ஒரு செவ்வகத் துளை வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணிலிருந்து 12.5 செ.மீ. தொலைவில் அட்டையைப் பிடித்தால், துளைக்குள் தெரிவது 50 மி.மீ. லென்ஸ் காட்டும் பரப்பு. 21 செ.மீ. தள்ளிப் பிடித்தால் ஏறத்தாழ 85 மி.மீ. லென்ஸ்; 7 செ.மீ.க்கு அருகே கொண்டுவந்தால் 28 மி.மீ. லென்ஸ். குவியத்தொலைவை இரண்டரையால் பெருக்கினால் கண்ணுக்கும் அட்டைக்கும் இடையிலுள்ள தூரம் கிடைத்துவிடும். ஒத்த முக்கோணங்கள் பற்றிய பள்ளிக் கணக்குக்கு மேல் இதில் ஒன்றுமில்லை. அட்டையின் ஓரத்தில் நூலைக் கட்டி உரிய தூரங்களில் முடிச்சிட்டு, முடிச்சைக் கன்னத்தில் வைத்துப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை. ஆன்செல் ஆடம்ஸ் போன்று பெரிய கேமராவைச் சுமந்து மலையேறியவர்கள், முக்காலியை விரிப்பதற்கு முன் இத்தகைய வெற்று அட்டையால் பார்த்துக்கொள்வதைப் பழக்கமாகக் கொண்டிருந்தனர்.

இதே வேலையைச் செய்யும் கைப்பேசிச் செயலிகள் உண்டு. சூரியன் எந்த நாளில் எந்தத் திசையில் எழும் என்பதையும் அவை துல்லியமாகச் சொல்லும். வீட்டில் இருந்து திட்டமிட அவை மிகவும் உதவும். களத்தில் நிலைமை வேறு. கைப்பேசியை முகத்துக்கு நேரே உயர்த்தியவர் படம் எடுக்கிறார் என்றுதான் எதிரே இருப்பவர் எண்ணுவார். ‘இல்லை, சட்டகம் மட்டும் பார்க்கிறேன்’ என்ற விளக்கம் எவரிடமும் செல்லாது. அட்டையும் கண்ணில் படும். சிறுவர்கள் சூழ்ந்துகொள்ளவும் கூடும். ஆனால் அட்டைக்குள் எதுவும் பதிவாகாது என்பது பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் விளங்கும். அதை எதிரே இருப்பவர் கையில் கொடுத்து, ‘இங்கிருந்து இவ்வளவுதான் வரும், நீங்கள் பாருங்கள்’ என்று சொல்ல முடியும். அவர் அதன் வழியே பார்த்து, ‘அந்தத் திண்ணையை விட்டுவிடுங்கள்’ என்றோ, ‘கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தால் மரமும் வரும்’ என்றோ சொல்ல முடியும். கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம் படம் எடுக்கலாமா என்று மட்டும் கேட்கிறது. எந்தப் படம் என்ற கேள்வியை வெற்று அட்டைதான் எழுப்புகிறது.

இடம் பார்ப்பதால் என்ன தெரியவரும் என்பதற்கு, இந்தியாவில் மிக அதிகமாகப் படமெடுக்கப்படும் இடங்களில் ஒன்றான காசியையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே கங்கை வடக்கு நோக்கி ஓடுகிறது. படித்துறைகள் மேற்குக் கரையில் கிழக்கைப் பார்த்து வளைந்து அமைந்துள்ளன, எதிர்க்கரை மணல்வெளி. எனவே காலையில் படித்துறைகளின் மீது வெயில் நேரே விழும். மாலையில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிவிடுவதால் படிகள் முன்னதாகவே நிழலில் ஆழ்ந்துவிடும். சூரியன் நேர்க்கிழக்கில் எழுவது மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமநாட்களை ஒட்டி மட்டுமே. காசியின் அட்சரேகையில் ஜூன் இறுதியில் அது கிழக்கிலிருந்து ஏறத்தாழ 26 பாகை வடக்கே விலகியும், டிசம்பர் இறுதியில் அதே அளவு தெற்கே விலகியும் எழுகிறது. ஜூனில் 5 மணியை ஒட்டி விடியும் நகரில் ஜனவரியில் சூரியனைப் பார்க்க 6.45 ஆகிவிடும், மூடுபனி இருந்தால் அதற்கும் பின்னர்தான். மழைக்காலத்தில் ஆறு ஏறிப் படிகள் மூழ்கும்போது, ஒரு படித்துறையிலிருந்து அடுத்ததற்குக் கரையோரமாக நடந்துபோகும் வழியே இல்லாமல் போகும். தசாசுவமேத படித்துறையின் மாலை ஆரத்தியும் மேலிடத்துக்கு மாறும். சூரியன் வானில் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். அடிவானுக்கும் சூரியனுக்கும் இடையில் ஒரு முட்டி அளவு இருந்தால் மறைவதற்கு ஏறத்தாழ 40 நிமிடம் இருக்கிறது என்று கருவி எதுவுமின்றிக் கணித்துவிடலாம்.

இவை ஒளியைப் பற்றியவை. எடுக்கக் கூடாதவற்றைப் பற்றியும் இடம் சொல்லும். மணிகர்ணிகையிலும் அரிச்சந்திர படித்துறையிலும் சிதைகள் எரிகின்றன. அங்கே படமெடுப்பதை இறந்தோரின் உறவினரும் அங்கே தொழில் செய்வோரும் விரும்புவதில்லை. இதை வழிகாட்டி நூல்களும் சொல்கின்றன. ஆனால் அந்த எல்லை எங்கே தொடங்குகிறது? அடுக்கி வைத்த விறகு அதற்குள் அடங்குமா? ஆற்றின் நடுவில் படகிலிருந்து தொலைவுக் காட்சியாக எடுத்தால் சரியா? கரையில் காத்திருக்கும் உறவினரின் முதுகு தெரியலாமா? இக்கேள்விகளுக்கு நூலில் விடை இல்லை. வெறுங்கையோடு அரைநாள் அங்கே அமர்ந்து, எந்தப் பக்கம் பார்த்தால் யார் முகம் திருப்புகிறார் என்று கவனித்தவருக்கே விடையின் ஒரு பகுதியாவது கிடைக்கும். கேமராவோடு வந்தவருக்கு அந்த விடை சச்சரவின் வடிவில்தான் வந்து சேரும். அதற்குள் படம் எடுக்கப்பட்டிருக்கும்.

ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. அதற்கு முன்பே காசியைப் பட நூலாக வெளியிட்டவர் ஜேம்ஸ் பிரின்செப். மொழியியல் மாணவர்கள் அவரைப் பிராமி எழுத்தைப் படித்தவராக அறிவர். அதற்கு முன் 1820 முதல் ஏறத்தாழ 10 ஆண்டுகள் காசி நாணயச்சாலையில் அவர் பணியாற்றினார். அக்காலத்தில் நகரை அளந்து வரைபடம் செய்தார், மக்கள்தொகையைக் கணக்கிட்டார், படித்துறைகளையும் தெருக்களையும் வரைந்தார். அவர் கும்பினி அதிகாரி. அவர் பார்வையில் ஆட்சியின் தேவைகளும் கலந்தே இருந்தன. ஆயினும் அந்த ஓவியங்களுக்குப் பின்னால் அந்நகரிலேயே நடந்து பழகிய ஒருவரின் 10 ஆண்டுகள் இருக்கின்றன.

காசியைப் பற்றி வேறொரு நூற்றாண்டில் எழுந்த விவாதம் இன்னொன்றைக் காட்டுகிறது. ராபர்ட் கார்ட்னர் இயக்கி 1986இல் வெளிவந்த ‘ஃபாரஸ்ட் ஆஃப் பிளிஸ்’ காட்சிசார் மானிடவியல் வகுப்புகளில் இன்றும் திரையிடப்படும் படம். அதில் பின்னணி விளக்கம் இல்லை. மக்கள் பேசுவது நிறைய இருந்தும் துணைத்தலைப்பு இல்லை. ஒளியும் ஒலியும் தாமே பேசட்டும் என்பது அதன் அழகியல். அதைப் போற்றியவர்கள் உண்டு. மக்கள் சொல்வதைப் புரியாத ஒலியாக மாற்றிவிட்ட படம் எப்படி அவர்களைப் பற்றிய ஆய்வாகும் என்று கேட்ட மானிடவியலாளர்களும் உண்டு. சட்டகம் என்பது நான்கு விளிம்புகளோடு முடிவதில்லை என்பதை அந்த விவாதம் காட்டுகிறது. அந்தப் படத்தில் மனிதர்கள் சட்டகத்துக்குள் இருக்கிறார்கள். அவர்கள் பேசும் பொருள் வெளியே நிற்கிறது.

மொழி ஆவணப்படுத்தலில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. பேசுபவரின் முகத்தை மட்டும் நெருங்கிப் பதிவு செய்த காணொளியில் அவருடைய கைகள் இல்லை. ‘அது’, ‘அங்கே’ என்று சொல்லும்போது கை காட்டிய திசை இல்லை. எதிரே அமர்ந்து தலையசைத்தவரும் இல்லை; அவர் இல்லாமல் உரையாடலின் மாறுமுறையை ஆராய முடியாது. இமயமலைப் பகுதியில் பேசப்படும் திபெத்திய-பர்மிய மொழிகள் பலவற்றில், பேசப்படும் பொருள் மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா, ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்பதற்கேற்பச் சுட்டுச்சொல் மாறும். அத்தகைய மொழியை வெள்ளைச் சுவரின் முன் நாற்காலி போட்டுப் பதிவு செய்தால், ஒலி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சுட்டின் பொருள் தொலைந்துபோகும். சரிவு எந்தப் பக்கம், ஆறு எந்தப் பக்கம், பேசுபவர் வழக்கமாக எங்கே அமர்ந்து எதைப் பார்த்துப் பேசுவார் என்பதை முந்தைய நாளே நடந்து பார்த்து ஒரு தாளில் வரைந்துவைத்தவர் கேமராவை வேறோர் இடத்தில் வைப்பார். அது அழகான கோணமாக இல்லாமல் போகலாம். முப்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பதிவைத் திறக்கும் மாணவருக்கு அந்தக் கோணம்தான் தேவைப்படும். அம்மொழியைப் பேச அப்போது எவரும் இல்லாமல் போயிருந்தால், மறுபதிவுக்கு வழியே இராது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உள்ளன. முதலாவது, முன்கூட்டியே சட்டகம் அமைப்பது கண்ணைத் திறப்பதைவிட மூடவே செய்யும் என்பது. வரலாறு இதற்குச் சான்று தருகிறது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இயற்கைக் காட்சி தேடிப் போனவர்கள் ‘கிளாட் கண்ணாடி’ என்ற சிறிய கருமைநிறக் குவியாடியைக் கொண்டுசென்றனர். காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, ஆடியில் தெரிந்த பிம்பத்தை ஓவியம்போல் ரசித்தனர். கேமரா பிறப்பதற்கு முன்பே கேமராவின் குறைகள் பிறந்துவிட்டன. அந்த ரசனையைச் சுமந்துகொண்டு 1863இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன், பல பத்துச் சுமையாட்களோடு இமயமலையில் ஏறினார். ஆங்கிலேய ஓவிய மரபு எதிர்பார்க்கும் நீர்நிலையும் மரச்செறிவும் அம்மலைகளின் பல பகுதிகளில் இல்லை என்று குறைப்பட்டு எழுதினார். மலை தன் சட்டகத்துக்குப் பொருந்தவில்லை என்றபோது அவர் சந்தேகித்தது மலையை.

இம்மறுப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். வெற்று அட்டை தன்னளவில் நேர்மையான கருவி அன்று. அதைப் பயன்படுத்தும் விதமே அதை நேர்மையாக்கும். எனவே பயிற்சியில் ஒரு விதி அவசியம்: ஒவ்வொரு சட்டகத்துக்கும், உள்ளே இருப்பதைக் குறிப்பதற்கு முன் நான்கு விளிம்புகளுக்கு அப்பால் இருப்பதை எழுத வேண்டும். இடப்பக்கம் குப்பைமேடு, வலப்பக்கம் கைப்பேசிக் கோபுரம், மேலே மின்கம்பி, கீழே சிமெண்ட் தளம் என்று நான்கு வரிகள். ‘தொன்மையான கிராமம்’ என்று தலைப்பிடவிருந்த படம் அந்த நான்கு வரிகளுக்குப் பின்னர் அந்தத் தலைப்பைத் தாங்காது.

இரண்டாவது மறுப்பு, காத்திருந்தால் காட்சி போய்விடும் என்பது. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1952 அக்டோபரில், காஷ் எனப்படும் நாணல் பூத்துக் கிடந்த வெளியில் படப்பிடிப்பு தொடங்கியது. அப்புவும் துர்காவும் ரயிலைப் பார்க்கும் காட்சி. ஒரு பகுதியை எடுத்துவிட்டுத் திரும்பிய குழு, அடுத்த முறை போனபோது பூக்கள் இல்லை, மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மீதியை எடுக்க அடுத்த ஆண்டின் பூப்பருவம் வரை காத்திருக்க நேர்ந்தது. அன்றே முழுவதும் எடுத்திருந்தால் இந்த இடர் இல்லை என்று சொல்லலாம். ஆனால் அதே நிகழ்ச்சி வேறொன்றையும் சொல்கிறது. படக்குழுவுக்குக் காட்சியாக இருந்தது அவ்வூர் மாடுகளுக்குத் தீனி. எவ்வளவு நேரம் சட்டகத்தின் வழியே பார்த்தாலும் இது தெரியாது; ஊரில் மாடு வைத்திருப்பவரிடம் பேசினால்தான் தெரியும். இடம் பார்ப்பது என்பதில் பாதி கேட்பது. கையில் கேமரா இல்லாதவருக்குக் கேட்க நேரம் இருக்கிறது.

சில காட்சிகள் காத்திருக்கமாட்டா என்பதும் உண்மை. வெள்ளம், கலவரம், காவல்துறைத் தடியடி, இடிக்கப்படும் குடியிருப்பு ஆகியவற்றின் முன் அட்டையோடு நிற்பது மடமை. சாட்சியாக இருக்க வேண்டிய கணத்தில் கேமரா உடனே எழ வேண்டும். இங்கே பேசப்படுவது அத்தகைய கணங்களைப் பற்றி அன்று. வாரக்கணக்கில் திட்டமிடப்பட்டு, வழிகாட்டிப் பேராசிரியரின் ஒப்புதலோடு செல்லும் கள ஆய்வைப் பற்றி.

மூன்றாவது மறுப்பே மிகவும் நியாயமானது. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும்போது, கைக்காசில் மூன்று நாள் பயணம் போகும் மாணவரிடம் ஒரு நாளைப் படமெடுக்காமல் கழி என்று சொல்வது எளிது. செய்வது அவருக்குக் கடினம். இதற்கு விடை மாணவரின் ஒழுக்கத்தில் இல்லை, நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது. கள ஆய்வுக்கான நாட்களைக் கணக்கிடும்போது துறையே முதல் நாளை இதற்கென ஒதுக்க வேண்டும். அது இயலாத இடத்தில் சென்று சேர்ந்த முதல் மாலைப்பொழுது மட்டுமாவது போதும். மாலையில் நடந்து பார்த்தவர் மறுநாள் காலையில் 300 படங்களுக்குப் பதில் 30 படங்கள் எடுப்பார். அவற்றை வகைப்படுத்தும் வேலையும் குறையும்.

செய்யத்தக்கவை சிலவே. கள ஆய்வு முறையியல் பாடத்தில், கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு வகுப்பு அட்டைச் சட்டகத்துக்கு ஒதுக்கப்படலாம். வளாகத்தின் தேநீர்க் கடையும் நூலகப் படிக்கட்டுமே அதற்குப் போதுமான களங்கள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒரு பக்கச் ‘சட்டகக் குறிப்பு’ சேர்க்கப்படலாம். எந்த நாள், எந்த நேரம், எத்திசை நோக்கி, எந்த உயரத்திலிருந்து, எந்தக் குவியத்தொலைவில் படம் எடுக்கப்பட்டது. அதற்கு முன் அவ்விடம் எத்தனை முறை பார்க்கப்பட்டது. யாரிடம் சட்டகம் காட்டப்பட்டது. யார் எதை மாற்றச் சொன்னார். நேர்காணலுக்கு இடமும் நாளும் குறிக்கும் ஒழுங்கு ஏற்கெனவே உள்ளது. படத்துக்கும் அதே ஒழுங்கு வேண்டும் என்பதற்கு மேல் இதில் புதுமை இல்லை.

வாய்மொழித் தேர்வில் ஆய்வேட்டின் அட்டவணைகள் வரி வரியாகக் கேள்விக்கு உள்ளாகின்றன. மாதிரி அளவு ஏன் இவ்வளவு, அவரை ஏன் சேர்த்தீர், இவரை ஏன் விட்டீர் என்று கேட்கிறார்கள். அதே ஆய்வேட்டின் ஒளிப்படங்களைத் தேர்வாளர்கள் ‘நன்றாக வந்திருக்கின்றன’ என்று பாராட்டிப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். படங்களும் தரவு என்றால், இந்தப் படத்தின் இடப்பக்க விளிம்புக்கு அப்பால் என்ன இருந்தது என்ற ஒரு கேள்வியையாவது அவர்கள் கேட்க வேண்டும். விடை சொல்ல முடியாத மாணவர் அங்கே படம் எடுத்திருப்பார், இடத்தைப் பார்த்திருக்கமாட்டார்.